கேஸ் கீசரின் இடம் குளியலறைக்கு வெளியே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து, மலையில் மழையும் குளிரும் சேர்ந்து இறங்கியிருக்கும் இந்நாட்களில், தீபாவளிக்கு முன்பாகத் தங்கள் வாசகர்களின் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்னும் கவலையோடு இக்கடிதத்தை எழுதுகிறேன். வீடுகளில் வெந்நீருக்காக வைக்கப்படும் கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது. இதைச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி இரண்டு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்திருக்கிறேன். அந்தக் கருவியால் என் பேத்தியை இழக்கும் நிலைக்கு மிக அருகில் சென்று மீண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு குன்னூரில் உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளியன்று விடியற்காலை நான்கரை மணிக்கு வழக்கம்போல் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கத் தொடங்கினோம். முதலில் நான், பிறகு மகன், மருமகள், பேரன், கடைசியாகக் கல்லூரியில் படிக்கும் பேத்தி. குளியலறை ஐந்தடி அகலம், ஏழடி நீளம், ஒன்பதடி உயரம் கொண்டது. கீசர் அதற்குள்ளேயே, வாளிக்கு மேலே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. சாரலும் குளிர்காற்றும் வராமல் இருப்பதற்காக வெண்டிலேட்டரின் லூவர் கண்ணாடிகளுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்திருந்தோம். கதவின் அடியில் இருந்த இடைவெளியைக் கால்மிதி ஒன்று அடைத்திருந்தது.

பேத்தி உள்ளே போய் இருபது நிமிடங்கள் ஆகியும் தண்ணீர் விழும் ஓசை நிற்கவே இல்லை. தலைக்குக் குளிக்கும் பெண்ணுக்கு நேரமாகும் என்று முதலில் பேசாமல் இருந்தோம். பிறகு மருமகள் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. மகன் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் சுவரோரம் சரிந்து கிடந்தாள். குழாயிலிருந்து வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது, கீசர் எரிந்துகொண்டிருந்தது, எரிவாயுவின் வாடை எதுவும் இல்லை.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் விரல் நுனியில் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பொருத்திப் பார்த்தார். அது 98 என்று காட்டியதால் மூச்சில் குறையில்லை என்றும், வலிப்பாகவோ ரத்த அழுத்தம் தாழ்ந்த மயக்கமாகவோ இருக்கலாம் என்றும் கூறினார். சற்று நேரத்தில் அங்கு வந்த மூத்த மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வெந்நீர் எதில் போடுகிறீர்கள்?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுக்கச் சொன்னார். அந்தக் கேள்வியால்தான் என் பேத்தி இன்று இருக்கிறாள். தலைவலியும், நேற்று நடந்ததை நினைவுகூர முடியாத தடுமாற்றமும் பல நாட்கள் இருந்து, பின்னர் மெல்லத் தெளிந்தன.

நடந்தது என்ன என்பதை வேதியியல் ஆசிரியையாகிய நான் எப்போதோ உணர்ந்திருக்க வேண்டும். எரிவாயு சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. போதிய ஆக்சிஜன் கிடைத்தால் அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் எரிந்து முடிகிறது; கிடைக்காதபோது எரிதல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிக் காட்டியவள் நான். அதே சமன்பாடு என் வீட்டுக் குளியலறையில் ஒவ்வொரு காலையும் நடந்துகொண்டிருந்ததை அறியாமல் இருந்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எரிவாயு கசிந்தால் நமக்குத் தெரியும். மணமில்லாத அதில் எத்தில் மெர்காப்டன் என்னும் வாடைப் பொருளைக் கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. அது கண்ணை எரிக்காது, இருமலையும் வரவழைக்காது. கேஸ் வாடை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கீசரில் கசிவே இல்லாமல், இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்து, சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதும் இந்த விபத்து நிகழும் என்பதாகும்.

இவ்வளவு சிறிய அறைக்குள் நாம் மூட்டும் தீ எவ்வளவு பெரியது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் ஒன்று ஏறக்குறைய 10 முதல் 12 கிலோவாட் அளவுக்கு எரிகிறது. நம் சமையலறை அடுப்பில் ஐந்தாறு பர்னர்களை ஒரே நேரத்தில் முழுத் தீயில் எரியவிடுவதற்கு அது சமம். ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எரிவாயு செலவாகும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிவதற்குக் கடல் மட்டத்தில் 12 முதல் 13 கன மீட்டர் காற்று வேண்டும். எங்கள் குளியலறையின் மொத்தக் கொள்ளளவே 9 கன மீட்டருக்குள்தான். ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளித்த அந்தத் தீபாவளிக் காலையில், அந்த அறைக்குள் இருந்த காற்று முழுவதையும் உண்டாலும் கீசருக்குப் போதாது. அதே காற்றைத்தான் உள்ளே குளித்தவர்களும் சுவாசிக்க வேண்டியிருந்தது. மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குன்னூர், உதகை போன்ற உயரங்களில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருப்பதால், அதே அறையில் அடங்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. தண்ணீரோ மிகவும் குளிர்ந்திருப்பதால் தீயைக் குறைத்து வைக்கவும் யாருக்கும் மனம் வராது.

எவ்வளவு நஞ்சு சேர்ந்தால் ஆபத்து என்று பார்த்தால் இன்னும் அச்சமாக இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 100 மில்லிகிராம் கார்பன் மோனாக்சைடு என்பதே கால் மணி நேரத்துக்கு மேல் சுவாசிக்கக் கூடாத அளவு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. எங்கள் குளியலறை அந்த எல்லையைத் தொடுவதற்கு ஒரு கிராமுக்கும் குறைவான நஞ்சு போதும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடையில் அது கால் பங்குகூட வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை எளிதில் விடுவதும் இல்லை. சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் உடலிலிருந்து அதில் பாதி வெளியேறவே நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் அந்தப் பாதி ஒன்றரை மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். பல்ஸ் ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டிவிடுகிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு அந்தக் கருவி வந்துவிட்டதால், 98 என்று பார்த்துவிட்டு யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இந்த விபத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் அறிகுறிகள் இருந்தன என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தலைக்குக் குளித்த நாட்களில் எனக்குப் பொட்டு இரண்டும் தெறிக்கும். நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லி, சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டு, சுக்கைக் குழைத்துப் பற்றுப் போட்டுப் படுத்துவிடுவேன். மருமகள் இரண்டொரு முறை குளித்துவிட்டு வெளியே வந்ததும் குமட்டுகிறது என்றாள். வெறும் வயிற்றில் குளித்ததால் பித்தம் என்று முடிவுகட்டினோம். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால்கள் துவளுதல் ஆகியவைதான் இந்த நஞ்சின் முதல் அடையாளங்கள். நம் வீடுகளில் இவை ஒவ்வொன்றுக்கும் வழிவழியாக ஒரு காரணம் சொல்லி வைத்திருப்பதால், உண்மையான காரணம் அவற்றுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. குளியலறையில் மட்டுமே வரும் வலிப்பு என்று நம்பி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்களும் இருக்கக்கூடும் என்ற கவலை எனக்கு உண்டு. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் தங்கள் ஆய்விதழ்களில் இதற்குக் கேஸ் கீசர் நோய்க்குறி என்றே பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். தலைவலி வீட்டில் எல்லோருக்கும் வருகிறதா, குளித்த பிறகு வருகிறதா, வெளியே வந்து சிறிது நேரத்தில் தணிகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இனி, பொருத்தும் முறைக்கு வருகிறேன். கீசரை வாங்கிய கடையிலிருந்து வந்த ஃபிட்டர் குளியலறைக்குள் மாட்டியதற்குக் காரணங்கள் இருந்தன. உள்ளே மாட்டினால் சுவரில் துளை போட வேண்டாம், தண்ணீர்க் குழாய் நீளம் குறையும், குழாயைத் திறந்ததும் சூடு வந்துவிடும், மழையில் கருவி நனையாது, காற்றடித்துச் சுடர் அணையாது. இவை எல்லாமே வசதிகள்தான். ஆனால் கருவியோடு வந்த கையேட்டில், நன்கு காற்றோட்டமுள்ள இடத்தில், குளியலறைக்கு வெளியே பொருத்த வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அதை அவரும் படிக்கவில்லை, நாங்களும் படிக்கவில்லை.

கீசரைக் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், பின்வாசல் தாழ்வாரத்திலோ, வானம் பார்த்த முற்றத்தின் ஓரத்திலோ, காற்று தங்கு தடையின்றிப் போய்வரும் பயன்பாட்டுப் பால்கனியிலோ வைத்து, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். மழைக்கு மேலே ஒரு சாய்ப்பும், நேர்க்காற்றுக்கு ஒரு பக்கத் தடுப்பும் போதும். நான்கு பக்கமும் அலுமினியக் கண்ணாடி போட்டு மூடிவிட்டால் அந்தப் பால்கனியும் இன்னொரு குளியலறையாகிவிடும். படுக்கையறை சன்னலுக்கோ, குளியலறை வெண்டிலேட்டருக்கோ நேர் கீழே மாட்டினால், வெளியேறும் வாயு அதன் வழியே திரும்பவும் வீட்டுக்குள்ளேயே நுழையும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல்வீட்டுச் சன்னலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பெரியவர்கள் செம்புப் பாய்லரையும் வெந்நீர்த் தவலையையும் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் விறகு எரித்தார்கள். பாய்லரின் நடுவே புகைக்குழாய் ஒன்று மேலே போகும். புகை கண்ணை எரித்ததால் அதை அவர்கள் வெளியே வைத்தார்கள். கேஸ் புகையவில்லை என்பதால் நாம் தீயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

வெளியே இடமே இல்லாத வீடுகளில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். என் பதில், அந்த வீட்டுக்கு இந்த வகைக் கீசர் வேண்டாம் என்பதுதான். மின்சாரக் கீசரோ சூரிய வெந்நீர்க் கருவியோ வைத்துக்கொள்ளலாம். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, கழிவு வாயுவையும் வெளியிலேயே விடும் மூடிய அமைப்புள்ள எரிவாயுக் கீசர்களும் உண்டு. அவை விலை கூடியவை. புகைக்குழாய் மட்டும் வைத்த கீசரைக் கதவு மூடிய குளியலறைக்குள் பொருத்தினால் போதும் என்று சிலர் அறிவுரை கூறுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. புகைக்குழாய் கழிவை வெளியேற்றுமே தவிர, எரிவதற்கு வேண்டிய காற்றை உள்ளே கொண்டுவராது. குருவிக் கூடோ, வளைவில் சேர்ந்த துருவோ அதை அடைத்துவிட்டால் பயன் இல்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காற்று உள்ளே வர வழி வைக்காமல் ஃபேனை மட்டும் ஓடவிட்டால், அது எங்கிருந்தாவது காற்றை இழுத்தே ஆக வேண்டும். மிக எளிதான வழி கீசரின் புகைக்குழாயாக இருந்தால், வெளியே போக வேண்டிய கழிவு வாயு அதன் வழியாகவே அறைக்குள் திரும்பும். சமையலறையில் பெரிய மின்சாரப் புகைபோக்கியும் அருகிலேயே கீசரும் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

காற்றுவழி எப்போதும் இரண்டாக இருக்க வேண்டும்: தரைக்கு அருகில் ஒன்று, கூரைக்கு அருகில் ஒன்று. மேல்வழியில் சூடான கழிவுக் காற்று வெளியேற, கீழ்வழியில் புதுக்காற்று வரும். எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது என்பதால், கசிந்தால் தரையில்தான் தேங்கும்; அது வெளியேறவும் கீழ்வழி தேவை. கொசுவலை அடித்த காற்றுவழிகளில் ஒட்டடையும் துணிநாரும் சேர்ந்து சில மாதங்களில் அட்டை போல் அடைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

சிலிண்டர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, தரை மட்டத்தில் வைக்க வேண்டும். பள்ளத்திலோ சாக்கடை வாய்க்கு அருகிலோ வைக்கக் கூடாது. சமையலறை அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை நடுவில் வெட்டி, டி வடிவ இணைப்பு ஒன்றைச் செருகி, அதிலிருந்து கீசருக்கு இன்னொரு டியூபை இழுக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். ரப்பர் டியூபைச் சுவர்த் துளை வழியாக நுழைப்பதும் கூடாது, ஏனெனில் உள்ளே அது வெடித்திருப்பதையோ எலி கடித்திருப்பதையோ யாராலும் பார்க்க முடியாது. டியூபின் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு மேலான தூரத்துக்கு உலோகக் குழாய்தான் முறை. இணைப்புகளைச் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்துச் சோதிக்க வேண்டுமே ஒழிய, தீக்குச்சி கொளுத்தி ஒருபோதும் பார்க்கக் கூடாது. கசிவு தெரிந்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழைக்கலாம்.

குழாய் எரிவாயு நம் மாநிலத்தில் பல மாவட்டங்களுக்கு வந்துகொண்டிருப்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்: அது மீத்தேன், சிலிண்டரில் இருப்பது வேறு. சிலிண்டருக்கென வாங்கிய கீசரின் ஜெட்டை, அதாவது எரிவாயு பீய்ச்சி வரும் சிறு துளையுள்ள பாகத்தை, உரிய முறையில் மாற்றாமல் குழாய் எரிவாயுவில் இணைக்கக் கூடாது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேல் இந்த வகைக் கீசருக்கான ஐ.எஸ். 15558 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சுடர் நீலமாக இருந்தால் பாதுகாப்பு என்று கருதும் பழக்கமும் முழுதாகச் சரியானதன்று. சுடர் மஞ்சளாகி நுனி ஆடினால் பர்னரில் தூசியும் சிலந்தி வலையும் அடைத்திருக்கின்றன என்று பொருள். உடனே நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். மேலேயுள்ள செம்புத் தகடுகளுக்கு இடையே கரி படிந்துவிட்டால் கழிவு வாயு மேலே போக முடியாமல் முன்பக்கம் தள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன், கருவியைத் திறந்து துடைத்தாக வேண்டும். ஆனால் இவையெல்லாம் சரியாக இருந்தும், அறையில் ஆக்சிஜன் குறைந்துவிட்டால் நீலச் சுடரே நஞ்சை உமிழத் தொடங்கும் என்பதால், பராமரிப்பு ஒருபோதும் இடத்துக்கு மாற்றாகாது.

ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து தானாக அணையும் கருவி பொருத்திய கீசர்கள் சந்தையில் உண்டு. அவை இருப்பது நல்லது. எனினும் ஜப்பானில் 2006-இல் வெளிவந்த செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கு ஒரு நிறுவனத்தின் உடனடி வெந்நீர்க் கருவிகளால் 1985 முதல் 2005 வரை 21 பேர் கார்பன் மோனாக்சைடு நஞ்சேறி இறந்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது. அவற்றுள் பலவற்றில், கழிவு வாயு வெளியேறாதபோது கருவியை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு இணைப்பையே பழுது பார்த்தவர்கள் மாற்றி அமைத்திருந்தார்கள். கீசர் அடிக்கடி தானாக அணைகிறது என்று நாம் புகார் செய்யும்போது, நம் ஊரிலும் சென்சாரை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. அப்படி அணைவது பழுதாக இருக்கலாம். கருவி நம்மை எச்சரிப்பதாகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, குளியலறைக்குள் நான் மேலே சொன்ன மூடிய அமைப்புள்ள கருவியைத் தவிர வேறு எதையும் பொருத்த முடியாது. சீனாவில், கழிவு வாயுவை அறைக்குள்ளேயே விடும் குளியல் கீசர்களின் உற்பத்தி 1999-இலும் விற்பனை 2000-இலும் தடை செய்யப்பட்டன. நம்மைவிடப் பல மடங்கு இந்தக் கருவியைப் பயன்படுத்திய நாடு அனுபவத்தில் கண்டறிந்து எடுத்த முடிவு அது. நம் கடைகளில் அதே வகைதான் வரிசையாகத் தொங்குகிறது. பெட்டியைக் கையில் கொடுக்கும் கடைக்காரர் பொருத்தும் இடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஃபிட்டருக்கு இதற்கென்று உரிமமோ பயிற்சிச் சான்றோ இருக்கிறதா என்று நாமும் கேட்பதில்லை. வீட்டுக்குச் சோதனைக்கு வரும் எரிவாயு முகமை ஊழியர் அடுப்பையும் டியூபையும் பார்க்கிறார். குளியலறைப் பக்கம் போவதில்லை. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும்போது அங்கே பின்னாளில் என்ன மாட்டப்படும் என்பது யாருக்கும் தெரியாது. இத்தனை பேர் கடந்து செல்லும் வழியில் ஒருவராவது நின்று கேட்டிருந்தால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றை வேண்டுகிறேன். மூடிய அமைப்பு இல்லாத கேஸ் கீசர்களைக் குளியலறைக்குள் பொருத்துவதை அரசு தெளிவான விதியாகத் தடை செய்ய வேண்டும். பெட்டியின் மீதும் கருவியின் முகப்பிலும் இந்த எச்சரிக்கை தமிழில், கண்ணில் படும் அளவில் அச்சிடப்பட வேண்டும்; எங்கள் கையேட்டில் அது ஆங்கிலத்தில், மிகப் பொடி எழுத்தில் இருந்தது. பொருத்துபவர் தம் பெயரையும் தேதியையும் எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை விற்பனையாளர்கள் கொண்டுவரலாம். பெயர் எழுதும் கை சற்று நின்று யோசிக்கும். எரிவாயு முகமைகள் தங்கள் சோதனைப் பட்டியலில் கீசரையும் சேர்க்க வேண்டும். வாடகை வீடுகளில் கீசரை வெளியே மாற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பாக இருக்க வேண்டும். குடியிருப்பவர் சுவரைத் துளைக்கக் கேட்டால் மறுக்கக் கூடாது.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களில் உள்ள தங்கும் விடுதிகளையும் வீட்டுத் தங்குமிடங்களையும் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். சமவெளியிலிருந்து ஒரு நாள் தங்க வருபவர்களுக்கு இந்தக் கருவி பழக்கமில்லை. குளிருக்குப் பயந்து அவர்கள் எல்லாச் சன்னலையும் மூடிவிடுவார்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் மறுநாள் எழவில்லை என்னும் செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறோம். கரி அடுப்பும் கீசரும் கொல்லுவது ஒரே நஞ்சால்தான். விடுதிகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, கீசர் அறைக்கு வெளியே இருக்கிறதா என்று ஓர் அலுவலர் நேரில் பார்த்துக் கையெழுத்திடுவது பெரிய வேலை ஆகாது. கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலி எழுப்பும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன; விடுதிகளில் அவற்றைக் கட்டாயமாக்கலாம்.

விதிகள் வரும்வரை, கீசர் இன்னும் உள்ளேயே இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் தீபாவளியன்று கீசரை எரியவிட்டு வாளியையும் அண்டாவையும் நிரப்பிக்கொண்டு, அணைத்து, கதவையும் சன்னலையும் சிறிது நேரம் திறந்து வைத்துவிட்டு, பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே அறையைக் காற்றாட விடுங்கள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட வேண்டாம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால், காரணம் ஆராய்ந்துகொண்டு அங்கேயே நிற்காமல், கீசரை மூடி, அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். வருபவரிடமும் மருத்துவரிடமும் கேஸ் கீசர் என்ற இரண்டு சொற்களை முதலில் சொல்லுங்கள்.

எங்கள் கீசரை அந்தத் தீபாவளிக்கு மறுவாரமே பின்தாழ்வாரத்துக்கு மாற்றினோம். சுவரில் ஒரு துளை, பத்தடிக் குழாய், மேலே ஒரு தகரச் சாய்ப்பு. ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. வெந்நீர் வந்து சேர இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் வீணாகிறது. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குன்னூர்.